மச்சானின் இடது கண்

லியாந்த்ரோ பகலில் செங்கல் சூளையில் வேலை பார்த்தான். சாயங்காலமானால் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போவான். 1949இல் நிகானோர் என்பவனிடம் ஆறாவது சுற்றில் அடிவாங்கி மல்லாந்து விழுந்தான். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸே திரண்டு வந்து பார்த்தது. மறுவருஷம் அதே நிகானோரின் தங்கை ஒதிலியாவைக் கல்யாணம் செய்துகொண்டான்.

"அடிச்சவன் வீட்லயே பொண்ணெடுத்தேன்ல, பழி தீத்தாச்சு" என்பான்.

ஆனால் போட்டி நடத்துகிறவர் விடவில்லை. மாப்பிள்ளையும் மச்சானும் மறுபடி மோதினால் அரங்கு நிறையும். ஜெயிக்கிறவனுக்கு மெக்சிகோ நகரத்தில் பட்டப் போட்டி என்றார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

"எவன் ஜெயிச்சாலும் சரி, அன்னிக்கு இந்த வீட்ல அடுப்பெரியாது" என்றாள் ஒதிலியா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகானோர் சாப்பிட வந்திருந்தான். ஒதிலியா இடப்பக்கமாக வந்து சோள ரொட்டிக் கூடையை நீட்டினாள். அவன் திரும்பவே இல்லை. அவள் கூடையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். லியாந்த்ரோ சும்மா ஓர் எலுமிச்சம்பழத்தை அந்தப் பக்கமாக எறிந்தான். அது காதில் பட்டுத் தெறித்தது.

"என்ன மாப்ள, இப்பவே ஆரம்பிச்சுட்டியா?"

"மச்சான், அந்தக் கண்ணு தெரியலையா ஒனக்கு?"

நிகானோர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "திரை போட்ட மாதிரி இருக்கு. டாக்டர் காட்டுற எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

இடது கண் தெரியாதவனை வீழ்த்த வலது கையை வீசினால் போதும். மெக்சிகோ நகரம் லியாந்த்ரோவின் கண்முன் வந்து நின்றது. அப்படி நினைத்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாள் போட்டி நடத்துகிறவரிடம் போய், போட்டி வேண்டாம் என்றான். காரணத்தைச் சொல்லவில்லை. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது: "மச்சானக் கண்டாலே தொடை நடுங்குது இவனுக்கு!" அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் நிகானோருக்கு வேறோர் எதிரியைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், இனி மறைக்க முடியாது என்று ஒதிலியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். "கெளம்புண்ணே. ஆஸ்பத்திரிக்கு நீயா நடந்து வர்றியா, இல்ல தெருவே பாக்க இழுத்துட்டுப் போகவா?"

விழித்திரை கழன்றிருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்டு, தலை அசையாதபடி இருபுறமும் மணல்மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். நிகானோர் லியாந்த்ரோவோடு பேசவில்லை. இவனும் சளைக்காமல் சூளைப் புழுதியோடு தினமும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையில் குத்துச்சண்டைச் செய்திகளை உரக்கப் படித்தான். ஒருநாள் ஒரு பெயரைப் பாதியாக விழுங்கிப் படித்தபோது கட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒழுங்கா வாசிடா. எழுத்துக்கூட்டக்கூடத் தெரியல, ஒனக்கு எந்தங்கச்சி ஒரு கேடு!"

லியாந்த்ரோ பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கண்ணில் பாதிப் பார்வை திரும்பியது. நிகானோர் மறுபடி கையுறை மாட்டவில்லை. அடுத்த வசந்தத்தில் லியாந்த்ரோ சண்டைக்கு ஏறினபோது கயிற்றுக்கு வெளியே அவன் பக்க மூலையில் துண்டும் வாளியுமாக நின்றது நிகானோர்தான்.

"இடது கைய இறக்காத மாப்ள! நான் ஒன்ன விழவச்சதே அதுலதான்!" என்று கத்தினான்.

லியாந்த்ரோ கையை உயர்த்தினான். எட்டுச் சுற்றும் விழாமல் நின்று அன்றைக்கு ஜெயித்தான்.