முதல் பெயர்: ஞானதாஸ்

ஜொவிட்டாவைப் போலப் படிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளைப் போல முடிவெடுக்கத் தெரியாத பெண்ணையும் பார்த்ததில்லை. தி.நகரில் ஒரு சுடிதார் எடுக்க நாலு மணி நேரம் ஆக்குவாள், கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்குவாள். கிண்டியில் நான்கு வருடம் ஒரே பெஞ்சில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தோம். பாஸானதே பெரிசு என்று நான் வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அவள் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தாள். சிங்கப்பூரில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என்று இரண்டு இடம் கிடைத்தது. இரண்டிலும் முழு உதவித்தொகை.

சிங்கப்பூர் பேராசிரியருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்குவது ஆராய்ச்சி. அமெரிக்கக்காரர் மருத்துவமனை வரிசைகளை ஆராய்கிறார். யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்பலாம், யாரைக் காக்க வைக்கலாம், காக்க வைத்தால் என்ன ஆகும். என்ன ஆகும் என்று ஜொவிட்டாவுக்குத் தெரியும். அவள் அம்மா மர்சலின் ஆன்ட்டி ஒரு ஸ்கேன் தேதிக்காக ஒன்பது வாரம் காத்திருந்தார். தேதி வந்தபோது நோய் ஈரல் வரை போயிருந்தது. அதற்குப் பிறகு சாந்தோம் வீட்டில் அவளும் அவள் அப்பாவும்தான்.

அப்பா ஞானதாஸ் அங்கிள், முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பேங்க்காரன் மாதாமாதம் மெஷினிலிருந்து அனுப்பும் மெயிலுக்குக்கூட நன்றி தெரிவித்து எழுதுவார். ஹாலில் இருக்கும் லேப்டாப் இருவருக்கும் பொது. ஜொவிட்டாவின் மெயில் அதில் எப்போதும் திறந்தே கிடக்கும்.

எங்கள் படிப்பு சொல்லிக்கொடுத்தபடி அவள் ஓர் அட்டவணை போட்டாள். உதவித்தொகைக்கு இத்தனை மதிப்பெண், தூரத்துக்கு இத்தனை, ‘டாடி’ என்று ஒரு தனி வரி. மூன்று முறை கூட்டியும் சிங்கப்பூர்தான் ஜெயித்தது. அங்கிளுக்கு அது பிடிக்கவில்லை. “என் வரியை அடிச்சிடு. அம்மா எதுக்குச் செத்தான்னு தெரியுமில்ல? அதைப் படி, போ” என்றார். அப்படியும் இந்த மகராசி ஆறு வாரம் இழுத்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் அவர்கள் வீட்டு மாடிப்படியில் அங்கிள் என்னை நிறுத்தினார். “சிம்ரா, அமெரிக்காக்காரன் எனக்கும் அழைப்பு அனுப்பிச்சிருக்கான், தெரியுமா?”

“சூப்பர் அங்கிள்! கோட்டு தைக்கக் குடுத்துட்டீங்களா?”

“முட்டி இடம் குடுக்கலையேம்மா. பக்குவமா பதில் போட்டுட்டேன். ஜொவிட்டாகிட்ட சொல்லாத, கூட்டிட்டுப் போயே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிப்பா.”

விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

சித்திரை முதல் நாள் லீவு. லஸ் முனையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்து, சிங்கப்பூருக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். “முடிஞ்சுது மச்சி. அம்மாவுக்காக அமெரிக்காவுக்கே போறேன்” என்றாள். முகம் அப்படி ஒரு தெளிவு.

அமெரிக்காவுக்குச் சம்மதம் சொல்லக் கெடு மறுநாள். காலையில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தால், சம்மதம் தெரிவிக்கும் இடமே காணோம். ‘உங்கள் மறுப்பு பதிவு செய்யப்பட்டது’ என்று இருந்தது. அவள் அலறியதைப் போனில் கேட்டு நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். அங்கிள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மெயில் முழுக்கத் தேடினோம். அங்கிள் ஆபீஸ் வழக்கப்படி ‘முடிந்தவை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் அவர்கள் கடிதத்தையும் தன் பதிலையும் பத்திரமாக வைத்திருந்தார்.

‘அன்புள்ள ஞானதாஸ், நீங்கள் எங்களிடம் வருவீர்கள் என்று ஆவலுடன் காத்திருக்கிறோம். வர இயலாவிட்டால் தெரிவிக்கவும்.’

அதற்குப் பதில்: ‘தங்கள் அன்பான அழைப்புக்கு நன்றி. முழங்கால் வலியின் காரணமாக என்னால் வர இயலாத நிலையில் உள்ளேன். பெரிய மனதுடன் மன்னிக்கவும். இப்படிக்கு, ஞானதாஸ்.’

அதற்குக் கீழே அவர்கள், மிகவும் வருந்துகிறோம், முழங்கால் விரைவில் குணமாகட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அவரை என்ன சொல்ல? விண்ணப்பம் நிரப்பியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். ஃபர்ஸ்ட் நேம் என்று கேட்டிருந்தது. சர்டிபிகேட்டில் அவள் ஜி. ஜொவிட்டா. எங்கள் ஊரில் முதலில் வருவது அப்பா பெயர். முதலில் வருவதைப் போடு என்று சொன்னது இந்த வாய்தான். அமெரிக்காக்காரன் அவளை ஞானதாஸ் என்று கூப்பிட்டான். மகளைச் சேர்த்துக்கொண்ட காலேஜ் மரியாதைக்கு அப்பாவையும் அழைக்கிறது என்று இந்த மனிதர் பூரித்துப்போனார்.

மாலை ஏழு மணிக்கு, அங்கே ஆபீஸ் திறந்ததும் போன் செய்தோம். பொறுமையாகக் கேட்டார்கள், வருத்தப்பட்டார்கள். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறார், அவர் எடுத்துக்கொள்ளும் கடைசி மாணவர் அந்த ஆள்தான். சிங்கப்பூரும் இரண்டே வரியில் கையை விரித்தது.

“அங்கிள்கிட்ட எப்படிடி சொல்லப்போற?”

“சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா உயிரை விட்டுடுவாரு.” சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரிடம், அமெரிக்காவில் நிதி இல்லை என்று உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள், போக முடியாது என்று சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

“நீ மனசை விடாதம்மா. நான் ஒரு லெட்டர் போடறேன். அவங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். என் முட்டியைப் பத்தியெல்லாம் விசாரிச்சு எழுதினவங்க, நான் சொன்னா கேப்பாங்க.”

ஜொவிட்டா தரையில் உட்கார்ந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். படிப்பு போன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே மறுகையால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார்.