பகலில் சாத்திய கதவு

பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: பனி. பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அங்கே பனி இருக்கிறது. நான் கொழும்பில், முதுகில் வியர்வை வழிய நின்றுகொண்டு, "புள்ளைக்குப் பனி ஒத்துக்கல" என்று சொன்னவள். ஐந்து வயது மகளுக்கு அந்தப் புழுக்கத்தில் கம்பளித் தொப்பி மாட்டினேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன். கொத்தமல்லித் தண்ணீரை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தெருவில் போகிறவர்கள் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிங்க, இருமுறது உங்க புள்ளையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஓர் இரும்புக் கடையில் ஸ்டோர் வேலை கிடைத்துத்தான் நாங்கள் கொழும்புக்கு வந்தோம். வாடகைக்கு எடுத்த அறை சந்தியை ஒட்டி இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தால் பஸ்களும் லொறிகளும் எங்கள் வாசலில்தான் உறுமிக்கொண்டு நிற்கும். பின்பக்கத்தில் வீட்டின் சொந்தக்கார அம்மா இருந்தார், சிங்களவர். "இந்த இரைச்சல்ல எப்படி இருப்பீங்க?" என்று அவரே கேட்டார். எனக்கோ அறையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தெருவைப் பார்த்த அந்த அகலமான இரட்டைக் கதவுதான் காரணம்.

வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். ஒற்றை அறையான லயத்துக் காம்பராவுக்கு வெளிச்சம், காற்று, ஊர்க்கதை எல்லாமே முன்கதவு வழியாகத்தான் வர வேண்டும். விடிந்ததும் கதவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்தால், ஆள் இருக்கிற வீட்டில் விளக்கு வைக்கும்வரை அது திறந்தே கிடக்கும். வெளியே பூட்டுத் தொங்கினால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பூட்டு இல்லாமல் பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஏதோ விபரீதம். சுற்றியிருக்கிற சனம் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடும்.

கொழும்புக்கு வந்தால் மட்டும் கை சும்மா இருக்குமா? காலையில் பஸ் வரிசை வந்து நிற்கிற நேரம் பார்த்து இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தேன். நல்ல காற்றுப் படட்டும் என்று மகளுக்கு வாசலோரத்தில் பாய் போட்டேன். வெள்ளைத் திரை துவைத்த சில நாளிலேயே கழுநீர் நிறத்துக்கு வந்தது; சவர்க்காரத்தைத் திட்டினேன். சாமிப் படத்துக் கண்ணாடியில் கரி படிந்தது, சாம்பிராணியைக் குறைத்தேன். ரோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடச் சட்டை மாட்டும்போது, மகள் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் சொந்தக்கார அம்மா பின்னாலிருந்து ஓடி வந்தார். "அனே, மகே துவ!" ஐயோ, என் மகளே என்று சிங்களத்தில் அலறி, தான் பெற்ற மகளைப் போல அவளை அள்ளிக்கொண்டு, வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி ஓர் ஓட்டோவை மறித்தார். அந்த அம்மா மட்டும் இல்லாவிட்டால்... வேண்டாம், அதை நினைக்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்தை ஆவியாக உள்ளே விட்டார்கள். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டர் சின்ன வயதுப் பெண். அவர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே சொன்னேன். வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பார்களா? இல்லை. விறகு அடுப்பா? இல்லை, கேஸ். வீடு எங்கே? சந்தியில், சிக்னல் பக்கத்தில். கதவு? "விடிஞ்சதுலருந்து நாள் முழுக்கத் தொறந்துதான் டாக்டர் வைப்பேன்" என்றேன் பெருமையாக. பொறுப்பான தாய் என்று மெச்சுவார் என்ற நினைப்பு. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மகளுக்கு ஆஸ்துமா என்றார். டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்தூள் இருக்கிறது, அது மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும் என்றார். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அது போனால் மூச்சுக் குழாய் வீங்கி இறுகும். வாகனம் நெரிகிற காலையிலும் மாலையிலும் ரோட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்த வேண்டும், பின்பக்கத்தைத் திறக்க வேண்டும், தினமும் வாயில் வைத்து மருந்துப் பம்ப் இழுக்க வேண்டும், முடிந்தால் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வீடு பார்க்க வேண்டும். "பம்ப் பழகிட்டா விட முடியாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். "மூச்சு விடுறதும்தான் பழக்கம். அதை விட்டுறலாமா?" என்றார். சுருக்கென்றது. என்னைவிடச் சின்னப் பெண், என்ன வாய் என்று முனகிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அந்த வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். என்னையே பெட்டிக்குள் போட்டு மூடியது போல இருந்தது. ஆனால் திரையில் கரி ஏறுவது குறைந்தது, கண்ணாலே பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் கொழும்புக்கு வந்திருக்கிறார். சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து எங்கள் வாசலைப் பார்த்திருக்கிறார். பூட்டு இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. திரும்பிப் போகும் மாலையிலும் அப்படியே. ஊருக்குப் போய் என் வீட்டுக்காரரின் அக்காவிடம், என் அண்ணியிடம், சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை யாரோ எங்கள் கதவை உடைகிற மாதிரி தட்டினார்கள்.

"தொறடி! யாருக்கு என்னா ஆச்சு? எதையும் மறைக்காதீங்க!"

திறந்தேன். அண்ணி தலை கலைந்து, கண் வீங்கி நின்றார். உள்ளே என் வீட்டுக்காரர் முகம் நிறையச் சவர்க்கார நுரையோடு திகைத்து நின்றார். தம்பி உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அண்ணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"அடப்பாவி! பஸ்ஸு ஓப்பநாயக்க தாண்டுறதுக்குள்ள கண்ணத் தொடச்சுத் தொடச்சு எனக்கு லேஞ்சியெல்லாம் நனைஞ்சு போச்சு. நீ என்னா, ஆற அமர ஷேவ் எடுக்கிற?"

"ஒரு கோல் எடுத்திருக்கலாமே அண்ணி" என்றேன்.

"போன்ல கேட்டா சொல்லவா போறீங்க? நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவீங்க!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நடந்ததைச் சொன்னேன். அண்ணி மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "லீவுதானே, எங்கூட அனுப்பிருங்க. உள்ள தள்ளி வீடு கெடைக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்கு வலித்திருக்கும். ஆனால் பிள்ளை விஷயத்தில் மூடி மறைக்க முடியுமா? "அண்ணி, அங்க விறகுப் புகை இருக்கே. அதுவும் இவளுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." அண்ணியின் முகம் வாடிப்போனது. தாயில்லாத தம்பியை அவர் சோறாக்கிப் போட்டு வளர்த்தது அந்த அடுப்பில்தான். வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே புறப்பட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில நாள் கழித்து அண்ணியிடமிருந்து கோல் வந்தது. "புள்ளையக் கூட்டிட்டு வா. வந்து பாத்துட்டுப் பேசு." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனோம். காம்பராவுக்குள் அடுப்பு இல்லை. தலைமுறைக் கரி ஏறியிருந்த சுவரில் புதுச் சுண்ணாம்பு. கொல்லைப் பக்கத்தில், வீட்டை விட்டுத் தள்ளி, நாலு கம்பு நட்டு மேலே பழைய தகரம் போட்டு, அதற்குக் கீழே அடுப்பு. எங்கள் பக்கத்து மழை நேராகவா பெய்யும்? சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பாதி முதுகு நனைய, அண்ணி குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லு, புகை எங்க இருக்கு?" என்றார். நானும் போய் அந்தத் தகரத்துக்குக் கீழே குந்திக்கொண்டேன். மகளை அண்ணியிடமே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

தோட்டத்துக் காற்றே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பம்ப்தான் மருந்து. அண்ணி அதில் என்னைவிடக் கெட்டிக்காரி. காலையில் சாமி கும்பிட்டதும் பம்ப், வாயைக் கொப்பளித்த பிறகுதான் ரொட்டி. லயத்தில் யாராவது குப்பைக்கு நெருப்பு வைத்தால் வாளித் தண்ணீரோடு போய் நிற்பாராம். "எம்மருமவ மூச்சு விடுறது ஒங்களுக்குப் பொறுக்கலையா?" அந்த வாய்க்குப் பயந்து குப்பையைக் குழி தோண்டிப் புதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் கொழும்பில் வீடு தேடி அலுத்துப்போனோம். கடைசியில் சொந்தக்கார அம்மாவே ஒரு வழி செய்தார். முன்னறையை போன் திருத்துகிற கடைக்குக் கொடுத்துவிட்டு, தன் பின்பக்கத்தில் ஓர் அறையை எங்களுக்காக ஒழித்துத் தந்தார். ஜன்னலைத் திறந்தால் ஒரு பலா மரமும் கிணறும். ரோட்டுச் சத்தம் கேட்கும், புகை அவ்வளவு வராது. "இப்ப துவவக் கூட்டிட்டு வாங்க" என்றார். உறவா, ஒரே சாதிசனமா? எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, எனக்கு இப்படிப்பட்ட மனிதர்கள் வாய்த்தார்கள்.

மகளைக் கூட்டிவரப் போன அன்று, பஸ்ஸுக்காக லயத்துக்குக் கீழே பாதையில் நின்றோம். "சாமிக்குச் சொல்லிட்டு வாறேன்" என்று மகள் திடீரென்று திரும்பி, மேட்டுக் கோயிலுக்குப் போகிற படிகளில் பாய்ந்தாள்.

"ஓடாத!" என்று கத்தினேன். கொழும்பில் நான் அவளிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். "சும்மா இரு புள்ள. ஓடட்டும்."

ஓடினாள். மேலே போய் மணியை அடித்தாள். அதே வேகத்தில் இறங்கி வந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "நீயும் கேளு."

மண்ணில் மண்டிபோட்டு என் காதை வைத்தேன். ஓடி வந்த நெஞ்சு படபடவென்று அடித்தது. இழுப்பு இல்லை, விசில் இல்லை. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அண்ணி என்னை எழுப்பவில்லை.