கயிறு கட்டிய கையால் ஒயின் ஊற்றுவது

ஆம்பூரில் தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் நான் கேப்டன், வெயிட்டர்களுக்கு மேலே. வருகிறவர்கள் பகல் முழுக்க ஷூ கம்பெனிகளில் தோலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டோடு ஒயின் கேட்பார்கள். நாங்களும் பீர் பாட்டிலைத் திறப்பது மாதிரி திறந்து, கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஒரு இத்தாலிக்காரர் அந்தக் கிளாசையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதமே மேனேஜர் பெங்களூரிலிருந்து ஒரு ட்ரெய்னரை வரவழைத்துவிட்டார். ஐந்து நாள் பயிற்சி.

வீட்டில் சொன்னபோது அண்ணி சிரித்தார். "இன்னா தம்பி, ஒயின்ஷாப் வேலைக்குக் கூட ட்ரெய்னிங்கா?"

அண்ணி என்றால் செத்துப்போன என் அண்ணனின் மனைவி. ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை. பள்ளிகொண்டாவில் ஒரே வீட்டில் முன்பக்கம் அவர், பின்பக்கம் நானும் என் மனைவியும். அடுப்பு ஒன்றுதான். நானும் அவரோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். எனக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை. நான் குடியை விட்டு எட்டு வருஷம் ஆகிறது, என் வலது மணிக்கட்டில் கயிறு இருக்கிறது.

கணியம்பாடிப் பக்கம் ஒரு அம்மன் கோயில். குடியை விட நினைக்கிறவனை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்டுவார்கள். கட்டினால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சொட்டுகூடத் தொடக்கூடாது. கயிற்றோடு குடித்தாலும் சரி, நடுவில் கயிற்றை அறுத்தாலும் சரி, ரத்தம் கக்கிச் சாவான் என்பது பேச்சு. அண்ணனை அண்ணிதான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனார். முப்பது நாள் அவன் தொடவில்லை. முகம் தெளிந்து, சோறு இறங்கத் தொடங்கியிருந்தது. முப்பத்தோராம் நாள் பாலாற்று மணலில் உட்கார்ந்து அவன் கையை நீட்டினான். நான் அந்தக் கயிற்றை வெட்டினேன். அப்போது நானும் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தேன், தோல் நறுக்குகிற கத்தி பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவன் கையைத்தான் பார்த்தார். "கயிறு எங்க? யாரு வெட்னது?"

"நான்தான் வெட்டிக்கினேன். இப்ப இன்னா?" என்றான் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதிலிருந்து பன்னிரண்டு நாள் விடாமல் குடித்தான். பன்னிரண்டாம் நாள் ரத்தம் கக்கினான். என் மடியிலேயே போய்விட்டான். கல்லீரல் எப்போதோ கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, காரியம் முடிந்த மறுவாரம் அதே கோயிலுக்குப் போய் நானும் கட்டிக்கொண்டேன். மண்டலம் முடிந்தும் அவிழ்க்கவில்லை. நைந்தால் போய்ப் புதுசு கட்டிக்கொண்டு வருவேன். அண்ணிக்கு அதில் அவ்வளவு பெருமை, தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோவார். புருஷன் தன் கயிற்றைத் தானே வெட்டிக்கொண்டு செத்தான் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன பிறகு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயத்திலேயே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

பயிற்சியில் முதல் இரண்டு நாள் ஒயினைக் கண்ணிலேயே காட்டவில்லை. காலி பாட்டில்களில் ரோஸ் சர்பத் கலந்த தண்ணீர். ட்ரெய்னர் மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும், ஆனால் விரட்டு விரட்டென்று விரட்டினார். வலது பக்கமாகப் போய் நில். பாட்டில் கேட்டவருக்கு லேபிளைக் காட்டு. முதலில் அவருக்கு மட்டும் ஒரு வாய் ஊற்று, அவர் தலையசைத்த பிறகு மற்றவர்களுக்கு. கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதே. நிறுத்தும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பு, சொட்டாது. போதும் என்றால் விருந்தாளி கிளாசின் மேல் கையை வைப்பார், உடனே நிறுத்து.

விருந்தாளியாக உட்கார்ந்த பார் வெயிட்டர் கையை நீட்டிக் கிளாசின் மேல் வைத்தான். அது அண்ணனுடைய மணிக்கட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், எலும்பு புடைத்த அதே மணிக்கட்டு. என் கை நிற்கவில்லை. ரோஸ் தண்ணீர் அவன் விரல்களில் வழிந்து மேசை விரிப்பெல்லாம் சிவந்தது.

"இன்னா கேப்டன், ஊத்தறதுக்குள்ளயே ஏறிப்போச்சா?" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் நிஜ ஒயின். வாயில் வைத்து உருட்டிவிட்டு வாளியில் துப்ப வேண்டுமாம். நான் வாயில் வைக்க மாட்டேன் என்றேன். சரி, மோந்து மட்டும் சொல்லுங்கள் என்றார் மேடம். கிளாசைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டேன். "தோல் வாசனை வருது மேடம், ஃபினிஷிங் முடிஞ்ச தோல்," என்றேன். கூட இருந்தவர்கள் கெக்கலித்தார்கள். எங்கள் ஊரில் அதை யார் வாசனை என்று சொல்வார்கள்? மேடமோ கைதட்டினார், சரியான பதிலாம். "இன்னும் என்ன சார் வருது?" என்று கேட்டார். அதற்கு அடியில் இரும்பு வாடை ஒன்று வந்துகொண்டிருந்தது. அண்ணன் சட்டையில், கடைசி நாளில் இருந்த வாடை. ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளாசை வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மேடம் எங்கள் கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நகம், மோதிரம், கயிறு. என்னிடம் வந்ததும், "இதைக் கழட்டிடுங்க சார். ஊத்தும்போது கெஸ்ட் கண்ணுக்கு உங்க மணிக்கட்டுதான் முதல்ல தெரியும்," என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த பார் வெயிட்டர் பாட்டில் ஓப்பனரில் இருக்கிற சின்னக் கத்தியை விரித்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்தான். "குடு கேப்டன், நானே வெட்டி வுட்டுர்றேன்."

அவன் மேல் தப்பே இல்லை. நான்தான் இரண்டு கையாலும் அவனைத் தள்ளினேன். "தொட்ட, கொன்னுடுவேன்!" என்று கத்தினேன். அவன் போய் மேசையில் மோதியதில், திறந்து வைத்திருந்த பாட்டில் விழுந்து உடைந்தது. தரையெல்லாம் சிவப்பு. மேசை விரிப்பை உருவி அதன் மேல் போட்டு மூடினேன்.

மேடம் என்னைத் தனியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "கயிறு இருக்கட்டும் சார். சட்டைக் கை பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தச்சு டைட் பண்ணிக்கங்க. கையை நீட்டினாலும் தெரியாது." வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

எனக்கு மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை ஓய்வு. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணிக்கு லீவு. சட்டையைக் கொடுத்ததும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ டைட்டு?"

"கயிறு வெளிய தெரியக் கூடாதாம் அண்ணி. கழட்டச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நீ மனுஷன் தம்பி. உங்கண்ணனும் இருந்தாரே. ஒரு மண்டலம் தாங்க முடியல. அவரு கழுத்த அவரே அறுத்துக்கினு, என்னையும் நடுத்தெருவுல வுட்டுட்டுப் போய்ட்டாரு."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அவன் வெட்டல அண்ணி. நான்தான் வெட்னேன்."

அண்ணி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார். அழுவார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அவரு வந்து வெட்டச் சொன்னாரா, நீ கூப்ட்டியா?"

இதற்கு ஒரு பதிலை எட்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். அவன் தவித்தான், பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் வெட்டினேன் என்று. இதை எழுதும்போதுகூட, அவன் கையை நீட்டினான் என்றுதானே மேலே எழுதியிருக்கிறேன்? நீட்டினான், உண்மைதான். அன்றைக்குத் தனியாகக் குடிக்கப் பிடிக்காமல், வீட்டில் சும்மா இருந்தவனை இழுத்துக்கொண்டு போனவன் நான். "வேணாம்டா, இன்னும் பதினேழு நாள்தான்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். மணலில் உட்கார்ந்த பிறகும் சொன்னான். "கயிறுதானே உன்னப் பேஜார் பண்ணுது, குடு கைய," என்றேன். மூன்று தடவை கேட்ட பிறகுதான் நீட்டினான்.

"நான்தான் கூப்ட்டேன் அண்ணி. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

அண்ணி சட்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எட்டு வருஷம். சோறு போடும்போதெல்லாம் அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி திட்னேன். செத்தவராச்சேன்னு கூடப் பாக்கல. அப்பல்லாம் நீ எதிர்லதானே இருந்த? இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சாப்ட்டுக்கினு இருந்தேன் அண்ணி," என்றேன்.