கல் தெரியாத படம்

எக்ஸ்ரே ரூமில் வேலை பார்த்தவங்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதிரில் வர்றவங்க முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வயித்தைப் பார்ப்போம். அந்த இருட்டு ரூமில் காலம் தள்ளினவங்க இதைப் படிச்சா தலையை ஆட்டுவீங்க. எழுபதுகளில் நான் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தேன். ஸ்கேன் எல்லாம் அப்போ ஏது?

வெள்ளைக் கரைசல்

கணையம் இரைப்பைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. அதில் கட்டி வந்தால் பக்கத்துக் குடலைத் தள்ளும். எக்ஸ்ரேயில் வெள்ளையாத் தெரியிற பேரியம் பொடியைக் கரைச்சுக் குடிக்க வச்சு, குடல் எவ்வளவு விலகியிருக்குன்னு பார்ப்போம். கட்டி சாதுவா, புத்துநோயான்னு அதில் தெரியாது. கணையத்தை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க மாட்டோமான்னு நான் ஏங்கினது கொஞ்சமில்லை.

சோழவரத்து லாரி டிரைவர் ஒருத்தர் அரை டம்ளர் குடிச்சிட்டு என்னை முறைச்சார். "இன்னாப்பா, சுண்ணாம்பு அடிக்க வேற செவுரு கெடைக்கலியா உனக்கு?"

கல்லு கிடைச்ச பாய்

பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வச்சிருந்த பாய் வயித்துவலியால் இளைச்சுப்போய் வந்தார். பேரியம் கொடுக்கும் முன்னாடி எடுத்த படத்திலேயே, முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாக் கல்லு. கணையத்தில் கல்லுன்னா பெரும்பாலும் பழைய வீக்கம்தான், புத்துநோய் பயம் குறைவு. டாக்டருக்கும் எனக்கும் போன உயிர் வந்தது. பாய் வெளியே போய் பெஞ்சில் இருந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னார்: "அல்லா காப்பாத்திட்டான், எனக்கு வெறும் கல்லுதான்."

இன்னொரு படம்

அந்த பெஞ்சில் இருந்தவங்கதான் கன்னியம்மா. காட்டுப்பள்ளிப் பக்கம் மீனவக் குப்பம். புருஷனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். படத்தில் குடல் நல்லாவே விலகியிருந்தது, கல்லு ஒண்ணுகூட இல்லை. மெட்ராஸில் வயித்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் அப்பதான் கழுவின ஈரப் படத்தை வெளிச்சத்தில் வச்சுத் திரும்பத் திரும்பத் தேடினேன். ஒரு வெள்ளைப் புள்ளி கிடைச்சா போதும்னு இருந்தது.

கன்னியம்மா பின்னாலேயே வந்து நின்னாங்க. "அண்ணா, பாய்க்கு எடுத்தாப்புல எங்க ஊட்டுக்காரருக்கும் கல்லு வர்ற மாரி ஒண்ணு எடுத்துக் குடுண்ணா."

கடைசி வரைக்கும்

நாலு மாசம் கழிச்சு, மகளுக்குக் காய்ச்சல்னு வந்த கன்னியம்மா என் ரூமையும் எட்டிப் பார்த்தாங்க. நெத்தியில் பொட்டு இல்லை. மெட்ராஸில் திறந்து பார்த்து, புத்துநோய்னு அப்படியே மூடிட்டாங்களாம். கன்னியம்மாவே சொன்னாங்க: "அவருகிட்ட கல்லுன்னுதாண்ணா சொல்லிக்கினு இருந்தேன், நீ எடுத்த படத்துலயே தெரிஞ்சுதுன்னு. நம்பிட்டாரு."

எத்தனையோ படம் கழுவித் தொங்கவிட்டவன் நான், ஆனா இன்னிக்கும் என்னை ஏங்க வைக்கிறது என்னவோ கன்னியம்மா கேட்டு நான் எடுக்க முடியாமப் போன அந்த ஒண்ணுதான்.