மாமாவின் மோட்டார் தொலைநோக்கி

அந்த அலுமினியப் பெட்டியைத் திறக்கும்போது மாமாவின் முகத்தில் வரும் பவ்யத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை, கோயிலில்கூட இல்லை. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் வெட்டிய குழிகளில், கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள் வரிசையாகப் படுத்திருக்கும். யாரும் தொடக் கூடாது, மூச்சுக்காற்று படக் கூடாது. எடுப்பார், துடைப்பார், வைத்து மூடுவார். அவற்றில் பாதி வானத்தையே பார்த்ததில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா என் அக்காவின் கணவர். வானம் பார்க்கும் ஆசை அவருடையது அல்ல, அக்காவுடையது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்தும் அவள், ஆசைப்பட்டு ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினாள். நிலாவின் பள்ளங்களைப் பார்த்த அன்று சிதம்பரத்தில் இருக்கும் எனக்குப் போன் போட்டு, "டேய், அம்மைத் தழும்பு மாதிரி இருக்குடா!" என்று கத்தினாள். அதன் ஸ்டாண்டு ஆடியது உண்மைதான். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான். மாமா அதோடு நின்றிருக்கலாம். ஸ்டாண்டில் கை வைத்தவர், அக்காவின் தொலைநோக்கியையே யாருக்கோ தள்ளிவிட்டு, பெரிய குழாய், தானே சுழற்றும் மோட்டார், கேமரா, லேப்டாப் என்று போய்க்கொண்டே இருந்தார். "சாமான் சரியில்லன்னா சாமியே தெரியாது மச்சான்" என்பார் என்னிடம். ரோகிணி எது என்று கேட்டால் செல்போனைத் தூக்கி வானத்துக்குக் காட்டுவார். அக்காவுக்கு அவர் விட்டுவைத்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது.

பிறகு அந்த வால்நட்சத்திரம் வந்தது. சூரியன் மறைந்த கையோடு மேற்கே கொஞ்ச நேரம் தெரியும், நம் ஆயுசில் திரும்பி வராது என்றார்கள். அக்கா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்தாள். புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரைக்குப் போனோம். மாமா மோட்டாரைப் பொருத்தினார். அது ஒழுங்காகச் சுழல, முதலில் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டுமாம். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் தென்னைமரத் தலையைத் தாண்டி எழும்பாது. வெளிச்சம் வேறு இன்னும் அடங்கவில்லை. மேற்கே வந்திருந்ததைப் பார்ப்பதற்காக, வடக்கே தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அக்கா மேற்குக்கு முதுகைக் காட்டியபடி, லேப்டாப் திரையில் வெளிச்சம் விழாமல் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சுண்ணாம்பு தொட்ட விரலால் லேசாக இழுத்துவிட்டதுபோல ஒரு கோடு. "அக்கா, திரும்பிப் பாரு!" என்றேன்.

"அசையாத! ஸ்கிரீன் தெரியல. இரு, பெருசாக் காட்டுறேன்" என்றார் மாமா.

"ஒரு நிமிசங்க, பாத்துட்டு வந்துர்றேன்."

"அது எங்க ஓடிப் போவுது?"

ஓடித்தான் போனது. அவள் துப்பட்டாவை உதறிவிட்டுத் திரும்பியபோது அடிவானத்துப் புகைமூட்டம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. "எங்கடா?" என்று கேட்டாள். நான் நீட்டிய விரலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. திரும்பும் வழியெல்லாம் மாமா பேட்டரியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை, சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் நீண்ட வாலோடு ஒரு படம். 'வெள்ளாற்றங்கரையில் நான் எடுத்தது' என்று மாமா எழுதியிருந்தார். பாராட்டுகள் குவிந்தன. படத்தின் அடியில் பனி போர்த்திய ஊசியிலை மரங்கள் நின்றன. பார்க்கத் தெரியாதவருக்குத் திருடிய படத்தைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை. அக்கா ஒரே வரி போட்டாள்: "புவனகிரியில எப்பங்க பனி கொட்டுச்சு?" அதற்குப் பிறகு மாமா அந்தக் குழுவில் குட்மார்னிங்கூடப் போட்டதில்லை.

அடுத்த மாதம் அக்கா தனக்கென்று ஒன்று வாங்கினாள். மோட்டார் இல்லை, திரை இல்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழாய், கையால் தள்ளினால் திரும்பும். அதற்குப் பிறகு அவள் செய்த முதல் மேம்பாடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. குனிந்து முதுகு வலிக்கிறவர் எதையும் நிதானமாகப் பார்ப்பதில்லை என்றாள். இரண்டாவது, ஒரு நல்ல வில்லை. மூன்றாவது இன்றுவரை இல்லை.

இப்போதெல்லாம் சாயங்காலத்தில் மாத்திரை வாங்க வருகிறவர்கள் கடை மாடிக்கும் ஏறி வருகிறார்கள். போன வாரம் நானும் போயிருந்தேன். ட்ரோனுக்கு மாறிவிட்ட மாமாவும் மாடிக்கு வந்தார். வரிசையில் நின்றவர்கள் மரியாதைக்கு வழிவிட்டார்கள். உட்கார்ந்து கண்ணை வைத்தார். உள்ளே கோளைச் சுற்றிய அந்த வளையம் துல்லியமாக நின்றிருக்கும். சற்றுமுன் நான் பார்த்திருந்தேன். உடனே கண்ணை எடுத்துவிட்டு, குழாயைத் தட்டிப் பார்த்து, "என்ன கம்பெனி இது?" என்றார்.

"சனி" என்றாள் அக்கா. "எழுந்திருங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க."