உயரம் எழுதாத வரி

அலுவலகத்தில் அவருக்கு ‘சராசரி’ என்று பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் பதினோரு வருடம் எண்களோடு மாரடித்தவர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட, போன மாதத்தோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியோடும் தம்பி மனைவியோடும் ஒரே வீட்டில் இருந்தார். இந்த மனிதர் ஒருநாள் ஊர் ஊராகச் சுற்றுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் அலுவலகமே சிரித்திருக்கும்.

தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி, அதற்குமேல் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை. மூன்று மாதம் காலில் விழாத குறையாக அலைந்துவிட்டு, சராசரி வேலையை விட்டார். அடையாளம் தெரியாத உடல்களுக்கு ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் ஒரு ஊர்ப் பதிவேட்டில் இருப்பது அடுத்த ஊருக்குத் தெரியாது. தானே நேரில் போய் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, தம்பியின் வயது, உயரம், தழும்போடு ஒப்பிட ஒரு புரோகிராம் எழுதுவது என்று கிளம்பினார்.

தம்பி செத்துவிட்டான் என்று நினைத்தா தேடினார்? இல்லவே இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதைத் தம்பி மனைவிக்கு எண்ணால் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஒரு ஊரில் நான்கு நாள், இன்னொன்றில் ஒரு வாரம். ஜன்னல் திறக்காத விடுதி அறைகள், எழுத்தர்களிடம் பல்லைக் காட்டி வாங்கிய அனுமதிகள். முதல் ஊரில் ஒவ்வொரு வரியையும் படித்தார். ‘பெண், வயது சுமார் ஏழு’ என்ற இடத்தில் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தார். அன்றோடு படிப்பதை விட்டார். கை டைப் அடிக்கட்டும், படிப்பது மெஷினின் வேலை என்று வைத்துக்கொண்டார். பாவம், வேறு எப்படித்தான் அந்த வேலையைச் செய்வது?

உயரம் காலியாக இருந்த இடங்களில் புரோகிராம் மக்கர் செய்தது. உயரம் இல்லாதவற்றைத் தள்ளிவிடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். அவருடைய புள்ளிவிவரத் தொழிலில் இதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர். சுத்தமாம், சுத்தம்! எழுதிய மறுநாளே அதை மறந்தும் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி மனைவி போன் செய்வாள். மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு. இந்த வாரமும் பட்டியலில் இல்லை என்று இவர் சொல்ல, அது போதும் மாமா என்று வைத்துவிடுவாள். அவளை மறுமணத்துக்குக் கேட்டு வந்த இரண்டு இடங்களை அந்த ‘இல்லை’யின் பலத்தில்தான் தட்டிக்கழித்தாள்.

இரண்டரை வருடம் ஓடியது. அறுபத்து மூன்றாவது ஊரில், பதிவேட்டு எழுத்தர் ஒருவர் இவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். சும்மா இருக்காத வாய் அவருக்கு. உயரம் போடாத கேஸையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“அதை மெஷின் எடுத்துக்காது சார். தள்ளிடும்.”

“ரயில்ல அடிபட்டு வர்றவனுக்கு உயரத்தை எங்கய்யா அளக்கிறது?”

சராசரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்துவிட்டு புரோகிராமை மறுபடி ஓட்டினார். முதலிடத்தில் வந்து நின்றது இரண்டாவது ஊரின் வரி. ஆண், வயது சுமார் முப்பது. வலது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். உடல் வந்த தேதி, தம்பி காணாமல் போன ஒன்பதாம் நாள். அத்தனையும் தன் கையாலேயே டைப் அடித்தது.

அந்த ஊருக்குப் போனார். போட்டோவைக் காட்டினார்கள். தம்பிதான். நகராட்சி இடுகாட்டில் புதைத்திருந்தார்கள், குழிமேல் நட்ட கம்பத்தில் ஒரு எண்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. இந்த வாரம்தான் புதிதாகக் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“அந்த ஊருக்கு நீங்க எப்ப போனீங்க மாமா?”

“கிளம்பின முதல் மாசம்.”

“அப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் உங்க லேப்டாப்புக்குள்ளயே இருந்திருக்காரு.”

ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கிறேன், இடுகாட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று மட்டும் சொன்னார்.

“நீங்க வர வேண்டாம். கம்பத்துல என்ன நம்பர்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். எழுதிக்கொண்டு, சரிதானா என்று ஒருமுறை திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.