நான் அடைத்த காற்று

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. கம்ப்ரசர் மட்டும்தான் பார்ப்பேன். பஞ்சர் கடைக் கம்ப்ரசர், பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர், போர் போடும் லாரியின் மேல் யானை மாதிரி உட்கார்ந்திருக்கும் கம்ப்ரசர் எல்லாம் என் வாசலுக்கு வந்துதான் போகும். முப்பது வருடமாகக் காற்றோடு மல்லுக்கட்டுகிறேன். அந்தக் காற்றை ஒரு மனிதன் மூச்சாக இழுப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சென்ற கார்த்திகையில் புயல் கடந்த மூன்றாம் நாள், தொண்டிப் பக்கமிருந்து சரக்கு ஆட்டோவில் ஒரு கம்ப்ரசர் வந்தது. கூடவே அதன் சொந்தக்காரரும் வந்தார். வளைகுடா நாட்டில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி, சொந்தக் கரையிலேயே ஸ்கூபா டைவிங் நடத்துகிறவர். புயலில் அவருடைய கொட்டகைக் கூரை பறந்து, இயந்திரத்துக்குள் மணலும் உப்புத்தண்ணீரும் ஏறிவிட்டன. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்.

"அண்ணே, இது ஆளு மூச்சு விடுற காத்து. டயருக்கு அடிக்கிற மாதிரி பாத்துராதீக" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, பிரேக்கு பாத்தவன்தான் வண்டிய மொதல்ல ஓட்டிக் காட்டணும். இது மெக்கானிக் தொழில்ல உள்ள வழக்கம். அதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பத்து நாள் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது. அது காற்றை நான்கு கட்டமாக நெரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆறவைத்து, ஈரத்தைப் பிரித்து, கடைசியில் கரி நிரப்பிய வடிகட்டி வழியாக அனுப்புகிறது. பஞ்சர் கடையில் ஒரு மணி நேரம் வரும் காற்றை ஒற்றைச் சிலிண்டருக்குள் அடைக்கிற இயந்திரம். அதன் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது.

பொருத்திக் கொடுக்க நானே கூடப் போனேன். கிளம்பும்போது அவர் போனில், "மாத்துத்துணி எடுத்துக்கங்கண்ணே. பிரேக்கு பாத்தவுக ஓட்டிக் காட்டணும்ல?" என்றார்.

பக்கத்தில் நின்ற என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. "ஊருணியில இடுப்பளவு தண்ணிக்கே படியப் புடிச்சுக்கிட்டு நிப்பீக. நீங்க கடலுக்குள்ள போகப் போறீகளா?" என்று சிரித்தாள். அதற்காகவே போகவேண்டும் என்று ஆகிவிட்டது.

போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். கொட்டகைக்கு இன்னும் கூரை இல்லை. இயந்திரத்தை வெட்டவெளியில் வைத்து, பெட்ரோல் எஞ்சினின் புகை கடல் பக்கம் போகும்படியும், காற்றை இழுக்கும் குழாய் கரைப் பக்கம் இருக்கும்படியும் திருப்பிவைத்தேன். காற்று கரையிலிருந்துதான் வீசியது. கயிற்றில் நான் போட்ட துண்டு கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. இரண்டிரண்டாக ஆறு சிலிண்டர் நிரப்பி முடிக்கையில் மணி பத்து. வால்வைத் திறந்து மோந்து பார்த்தேன். குறையொன்றும் தெரியவில்லை. கடைசியாக நிரம்பிய சூடான சிலிண்டரையே எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவர் புயலுக்கு முன்பே நிரப்பி வைத்திருந்த பழைய ஒன்றை மாட்டிக்கொண்டார்.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. வாயில் கவ்வும் ரெகுலேட்டரை எடுப்பது, திரும்பக் கவ்வுவது, காற்று தீர்ந்தால் அடுத்தவரின் மஞ்சள் நிற ஸ்பேர் ரெகுலேட்டரைக் கேட்பது. இதற்குள் மதுரையிலிருந்து ஆறேழு கல்லூரிப் பிள்ளைகள் வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புயலுக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் கூட்டம். எனக்கு அடுத்தது அவர்கள்தான்.

பிறகு படகில் கொஞ்ச தூரம் போய் இறங்கினோம். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். தண்ணீர் பால் குறைந்த டீ நிறத்தில் கிடந்தது. புயல் கலக்கிய சேறு இன்னும் அடங்கவில்லை. அவர் என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். முதலில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அங்கே தாழை என்று சொல்கிற கடற்புல், வேரோடு பெயர்ந்து கத்தை கத்தையாகக் கிடந்தது. நடுவே யாருடைய வீட்டிலிருந்தோ அடித்து வந்த ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அதன் வாய்க்குள் விரல் நீள மீன்கள் குடிவந்துவிட்டன. எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றாக உள்ளே ஒதுங்கின. எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது.

மேலே இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். என் மூக்கு முப்பது வருடப் புகையில் ஊறியது. இங்கே வேறு எந்த வாசனையும் கிடையாது, இழுக்கிற மூச்சு மட்டும்தான். ஒவ்வொரு இழுப்பிலும் தொண்டையில் லேசாக என் பட்டறை இருந்தது.

சந்தேகம் வந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் மெக்கானிக் புத்தி. அவருடைய மஞ்சள் ரெகுலேட்டரைக் காட்டினேன். எனக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பதறி எடுத்து நீட்டினார். கவ்வி இழுத்தேன். சுத்தம். என்னுடையதைக் கவ்வினேன். பட்டறை. மறுபடி அவருடையது. சுத்தம். கண்ணாடிக்குள் அவர் கண் விரிந்தது. என் சட்டையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார்.

"என்னண்ணே வெளாட்டு இது? காத்து பாதிக்கு மேல இருக்கு!"

"உன் காத்து வேற, என் காத்து வேற தம்பி. என் காத்துல பொகை இருக்கு."

"மொதத் தடவ இறங்குறவுகளுக்கு ரப்பர் வாசனை அடிக்கும்ணே. எல்லாரும் சொல்றதுதான்."

சரி, ரப்பர்தான் என்று தலையாட்டியிருக்கலாம். அவரே எனக்கு வழி காட்டிவிட்டார். கரையில் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரும் கெடாது, அவர் பிழைப்பும் நடக்கும். ஆனால் ரப்பருக்கும் புகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நெற்றிப்பொட்டில் வலி வேறு தொடங்கியிருந்தது.

கரை ஏறியதும் என் துண்டைப் பார்த்தேன். அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் பறந்தது. வெயில் ஏறினால் கடற்கரையில் காற்று திரும்பும் என்பது அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காரைக்குடிக்காரனுக்குத் தெரியவில்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்த ஏற்பாடு அப்படியே தலைகீழாகி, எஞ்சின் புகையைக் குழாய் இழுத்திருக்கிறது. பழைய கொட்டகையில் குழாய் கூரைக்கு மேலே உயரத்தில் இருந்ததாம். கூரையோடு அந்த நினைப்பும் அவருக்குப் பறந்துவிட்டது.

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "வடிகட்டியில இருக்கிற கரி, வாசனையத்தாண்ணே கொறைக்கும். பொகையில இருக்கிற விசத்துக்கு வாசனையும் கெடையாது, கரிக்கு அது நிக்கவும் நிக்காது. ஆழத்துக்குப் போகப் போக அது இன்னும் மோசம். இந்தப் பிள்ளைகள..." என்றார்.

எனக்கு வந்தது வெட்கமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. காற்று எப்போது திரும்பியது, எதிலெல்லாம் புகை ஏறியது என்று யார் கண்டது? ஆறு சிலிண்டரின் வால்வையும் திறந்துவிட்டேன். உஸ்ஸென்ற சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஏன் அங்கிள் எல்லாத்தையும் வேஸ்ட் பண்றீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நான் தப்பா அடைச்சுட்டேன்மா" என்றேன். முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் சொல்லாத வார்த்தை.

பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் வருவதாகப் போனார்கள். நாங்கள் உயரமான சவுக்குக் கம்பு நட்டு அதன் உச்சியில் குழாயைக் கட்டினோம். சைலன்சருக்கு நீளமாகப் பைப் கொடுத்து எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டோம். கம்பு நுனியில் என் துண்டைக் கிழித்து ஒரு கீற்றும் கட்டினேன். காற்றைச் சோதிக்கும் கருவி ஒன்றை ராமேசுவரத்தில் தெரிந்தவரிடமிருந்து வரவழைத்தார். மறுநாள் காலை நிரப்பிய ஒவ்வொரு சிலிண்டரையும் கருவி சுத்தம் என்றது. எனக்குத் தலைவலியும் விட்டிருந்தது. ஆனால் பிள்ளைகள் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நானே இறங்குறேன்" என்றேன்.

தண்ணீர் ஒரே நாளில் கொஞ்சம் தெளிந்திருந்தது. பச்சைக் குடம் அங்கேயே கிடந்தது, மீன்களும் இருந்தன. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. நாக்கை அண்ணத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் எனக்கு எதிரே வந்து மண்டியிட்டார். விரலை வளைத்து, சரியா என்று கேட்டார். சரி என்று நானும் விரலை வளைத்தேன்.

அவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு, என் சிலிண்டரில் தொங்கிய மஞ்சள் ரெகுலேட்டரை எடுத்துக் கவ்விக்கொண்டார். மேலே வரும்வரை அதை விடவில்லை.